லாம்பு அணையாத கிடங்கு

லாம்பு அணையவில்லை. அதுதான் பிழை. அணைந்திருந்தால் அன்று யாரும் கிடங்குக்குள் இறங்கியிருக்க மாட்டார்கள், நானும் இந்தக் குறிப்பை எழுத வேண்டி வந்திராது.

நிலக்கரியில் கரண்ட் எடுக்கிறபோது, எரிப்பதற்கு முன்பே காபனீரொட்சைட்டு என்கிற கரியமில வாயுவைப் பிடித்துவிடுவது பற்றி இப்போது பெரிய பெரிய மண்டபங்களில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். நாங்கள் அதை ஆரையம்பதியில், வாவிக்கரையோரம், ஒரு ஐஸ் கொம்பனியின் பின்வளவில் செய்தோம். உலகத்தைக் காப்பாற்ற அல்ல, சோடாக் கொம்பனிக்கு காஸ் விற்க. இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் கோபுரம் எத்தனை அடி, கரைசல் எத்தனை வீதம் என்றுதான். அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. நாங்கள் கரியை முழுதாக எரிப்பதில்லை. மூடிய உலைக்குள் காற்றைக் குறைத்து, நீராவி ஊதி, அரைகுறையாக வேகவைப்போம். அதிலிருந்து வருவது எரியக்கூடிய ஒரு வாயு. அதில் கால்வாசிக்கு மேல் நச்சு. நிறமில்லை, மணமும் பெரிதாக இல்லை, மூச்சோடு போனால் ஆளை நித்திரையாக்கிக் கொன்றுவிடும். அந்த வாயுவை இன்னும் கொஞ்சம் நீராவியோடு ஒரு சூடான டிரம்முக்குள் விட்டால் நச்சில் பெரும்பங்கு காபனீரொட்சைட்டாக மாறும், கூடவே ஐதரசன் கிடைக்கும். பிறகு கோபுரம். மேலிருந்து பொற்றாஷ் கரைசல் வழியும், கீழிருந்து வாயு ஏறும். கரைசல் காபனீரொட்சைட்டைப் பிடித்துக்கொள்ளும். மிஞ்சுகிற ஐதரசன் எஞ்சினுக்குப் போய் எரிந்து கரண்ட் தரும், அந்தக் கரண்டில் ஐஸ் உறையும். கரைசலைக் கொதிக்க வைத்தால் பிடித்ததை விட்டுவிடும். அதைச் சிலிண்டரில் அடைத்து அனுப்புவோம்.

வேலையாட்கள் இந்த நீளமான பெயர்களோடு மல்லுக்கட்டவில்லை. உலையிலிருந்து வருவது அடுப்புக் காற்று. பிடித்து அடைப்பது சோடாக் காற்று. கோபுரத்தின் இரண்டு பக்கத்திலும் தரைக்குக் கீழே ஆளுயரத்துக்கு மேல் ஆழமான ஒவ்வொரு கிடங்கு, வால்வு திறக்க இறங்குவதற்கு. ஒன்று அடுப்புக் கிடங்கு, மற்றது சோடாக் கிடங்கு. இந்த இரண்டு பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்

கொம்பனி எங்கள் முதலாளியின் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. நடத்தியவர் மருமகன் துஷ்யந்தன். வெளிநாட்டில் பசளை உரத் தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்துவிட்டு வந்தவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். யுத்த காலத்தில் டீசலுக்கு பெர்மிட் எடுத்து எடுத்து அலுத்துப்போய், அங்கே பார்த்த வேலையைச் சிறிதாக இங்கே கட்டினார். கரைசலைத் தினமும் சோதித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று என்னை எடுத்தார். உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படித்துவிட்டு டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். கணவருக்கு நிலையான வேலை இல்லை. அதனால் பெரிய யோசனை இல்லாமல் போனேன்.

முதல் நாளே சோடாக் கிடங்கில் உள்ள குழாயில் மாதிரி எடுத்து வரச் சொன்னார். போத்தலைத் தூக்கிக்கொண்டு இரும்பு ஏணியில் இறங்கினேன். நாலாவது படியில் மூக்கு அரித்தது, அதற்குப் பிறகு படி எங்கே என்று தெரியவில்லை. தலைமயிர் பிடுங்குப்படுகிற நோவில்தான் நினைவு வந்தது. யாரோ என் பின்னலைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்னகா, வேலைக்கு வந்தியா, சாக வந்தியா?"

அவர்தான் கணவதி அண்ணன். கணபதிப்பிள்ளை என்று பெயர், ஊரில் கணவதி. கொம்பனியில் குழாய், வால்வு பூட்டுகிற பிற்றர், லீவு நாட்களில் கிணறு இறைக்கிறவர். கையில் அரிக்கன் லாம்பு ஒன்றை எடுத்து, சிம்னியைக் கழற்றி, கயிற்றில் கட்டிக் கிடங்குக்குள் இறக்கினார். ஏணியின் நடுப்படிக்கு வந்ததும் சுடர் படக்கென்று செத்தது.

"பாத்தியா? கெட்ட காத்து கீழதான் கிடக்கும். கிணத்துக்க இறங்குறதெண்டா முதல்ல லாம்ப இறக்கணும், மறுகாத்தான் மனிசன். இடுப்பில கயிறு கட்டாம நான் கோயில் கேணிக்கும் இறங்கமாட்டன்."

நான் வாந்தி எடுத்தேன். அவர் போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். அன்றைக்கு இந்த மனிதர் இல்லாவிட்டால் என் கதை அந்த நாலாவது படியோடு முடிந்திருக்கும். பின்னால் நான் செய்ததை வாசிக்கும்போது இதையும் மறக்காமல் வாசியுங்கள்.

போர்ட்

அடுத்த கிழமை ஒரு தகரத் துண்டில் கறுப்புப் பெயின்ற் அடித்து, வெள்ளையில் நானே எழுதினேன்: "கிடங்குக்குள் இறங்குமுன் லாம்பு இறக்கு. லாம்பு அணைந்தால் இறங்காதே." எனக்குக் கையெழுத்து வடிவு. துஷ்யந்தன் வந்து நின்று பார்த்தார்.

"அக்கா, நான் வேலை செஞ்ச இடத்திலயும் இப்பிடி ஒண்டு இல்ல. அங்க மீட்டர் வச்சிப் பாப்பாங்க. இஞ்சயும் ஒரு மீட்டர் எடுக்கத்தான் வேணும்."

"எடுங்க தம்பி."

மீட்டர் வரவே இல்லை. கொழும்பில் பணம் கட்டியாயிற்று, பாதையில் இருக்கிறது, பாதுகாப்பு அனுமதி கிடைக்கவில்லை என்று வருஷக்கணக்காகக் கதை மட்டும் வந்தது. எங்களிடம் லாம்பு இருந்ததால் யாரும் அவசரப்படவில்லை.

இப்போது கவனியுங்கள். சோடாக் காற்று லாம்பை அணைக்கும். அடுப்புக் காற்று அணைக்காது. அது தானே எரிகிற சாமான், சுடருக்கு அது தீனி. ஆளைக் கொல்லப் போதுமான அளவு நிறைந்திருக்கும்போதும் லாம்பு நன்றாக எரியும். இது எனக்குத் தெரியாதா? பரீட்சையில் கேட்டிருந்தால் முழுப் புள்ளி எடுத்திருப்பேன். ஆனால் போர்ட் எழுதும்போது எனக்குள் இருந்தது என் தலைமயிரின் நோ மட்டும்தான். கிடங்கு என்றால் எனக்குச் சோடாக் கிடங்கு. கிணற்றுக்காரரின் வழக்கம் ஒன்றை எடுத்து, கிணற்றில் ஒருநாளும் இல்லாத காற்றுக்கும் சேர்த்துச் சட்டமாக்கிவிட்டு, கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினேன்.

அந்த நாட்களில் அதனால் கேடு ஒன்றும் வரவில்லை. அடுப்புக் கிடங்கைத் திறப்பதென்றால் உலையை அணைத்து, மூடியைக் கழற்றி, ஒரு இரவு முழுக்கக் காற்றாட விட்டு, அடுத்த நாள் காலையில்தான் இறங்குவார்கள். அது துஷ்யந்தன் போட்ட ஒழுங்கு. மாதத்தில் ஒரு தடவைக்கு மேல் தேவைப்படவும் இல்லை.

கடல்

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமிப் போயா. கொம்பனி லீவு, உலையில் தணல் மட்டும். காலையில் கடல் றோட்டைத் தாண்டி வந்து எங்கள் வளவுக்குள் புகுந்து, அந்தப் பக்கத்தால் வாவிக்குள் இறங்கியது. தணல்மேல் தண்ணீர் பட்டு உலை வெடித்த சத்தத்தை ஷெல் என்று நினைத்துக் காவல்காரர் நிலத்தில் படுத்தாராம். படுத்தவரைத் தண்ணீர் தூக்கிப் பனையில் சாத்தியது. அப்படித்தான் தப்பினார்.

கணவதி அண்ணனின் மனைவி கடற்கரைக்கு மீன் வாங்கப் போயிருந்தா. வரவே இல்லை. வீட்டில் இருந்த மகள் சுகந்தி மட்டும் மிஞ்சினாள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

அவர் அழுததை நான் காணவில்லை. கிணறு இறைத்ததைத்தான் கண்டேன். கரையோரம் ஒரு கிணறு விடாமல் உப்பும் சேறும் சொல்லத் தகாதவையும் நிறைந்து கிடந்தன. இடுப்பில் கயிறு, கையில் லாம்பு, அகதி முகாமிலிருந்து தினமும் புறப்பட்டுப் போவார். ஒரு வளவில் லாம்பு மூன்று முறை அணைந்தது. வீட்டுக்காரர் கெஞ்சியும் இறங்க மறுத்து, ஓலைக் கட்டைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி காற்றை மாற்றி, நாலாம் தடவை சுடர் நின்ற பிறகே இறங்கினார். ஊர் அவருக்கு லாம்புக் கணவதி என்று பெயர் வைத்தது. குடிக்கிற தண்ணீரை ஒரு மனிதரை நம்பி ஒப்படைப்பதென்றால் சும்மாவா? மனைவியை இழந்த மனிதருக்கு அந்தப் பெயர்தான் ஊன்றுகோலாக இருந்தது.

மாதங்கள் கழித்துக் கொம்பனி மறுபடி ஓடியது. போர்ட் வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் கிடந்து கிடைத்தது, எழுத்து அழியாமல். நானே துடைத்து மாட்டினேன்.

பிறகு சண்டை மறுபடி தொடங்கிப் பாதைகளைப் பூட்டினார்கள். கொழும்பிலிருந்து நிலக்கரி வராது. தேங்காய்ச் சிரட்டைக்கரியைப் போட்டு ஓட்டினோம். அதன் சாம்பல் மா மாதிரி, அடுப்புக் கிடங்கின் வால்வில் போய் அடைந்துவிடும். மாதத்துக்கு ஒருக்கால் என்றிருந்தது கிழமைக்கு இரண்டு தடவை ஆனது. ஒரு இரவு காற்றாட விடுகிற ஒழுங்கு அரை நாளாகி, பிறகு இரண்டு மணித்தியாலமாகியது. யாரும் அப்படி ஒரு முடிவு எடுக்கவில்லை, தேய்ந்து தேய்ந்து அப்படி வந்தது. நானும் கண்டும் காணாமல் இருந்தேன்.

வெடி கொளுத்திய நாள்

யுத்தம் முடிந்துவிட்டதாக அன்று காலையிலிருந்து ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பட்டணத்தில், ரவுன் பக்கம், வெடி கொளுத்துகிற சத்தம் வாவிக்கு மேலால் வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவரும் படலைக்கு வெளியே வரவில்லை. கடைசிச் சண்டை நடந்த வன்னியில் சொந்தம் இருந்தவர்கள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார்கள். துஷ்யந்தன் வந்து, "வீட்டில இரிந்து என்னத்தச் செய்யிற? வேலையச் செய்வம்" என்றார். வேலைக்கு வந்தவர்கள் நாங்கள் நாலே பேர்: அவர், நான், கணவதி அண்ணன், லொறி ட்ரைவர் ரஞ்சன்.

பத்து மணி போல் எஞ்சின் மூச்சு வாங்கியது. வால்வு அடைத்துவிட்டது. உலையை மூடிவைத்து, கிடங்கின் மூடியைத் திறந்துவிட்டார்கள். தாங்கியில் ஐஸ் பாதி உறைந்து கிடந்தது.

நான் என் அறையில் கரைசலைச் சோதிக்கும் நியமிப்பு செய்துகொண்டிருந்தேன். குழாயிலிருந்து அமிலம் துளித் துளியாக விழும், இளஞ்சிவப்பு மறைகிற துளியைப் பிடிக்க வேண்டும், கண்ணை எடுக்க முடியாது. ஜன்னலடியில் கணவதி அண்ணனின் குரல்.

"தங்கச்சி, அடுப்புக் கிடங்குக்க இறங்கப் போறன். மூடி திறந்து ஒரு மணித்தியாலம்தான் இரிக்கும். இறங்கலாமா? பிள்ள வீட்ட தனிய இரிக்கி, வெடிச் சத்தத்துக்குப் பயப்பிடுவாள். வெள்ளெனப் போகணும்."

நான் தலை தூக்கவில்லை.

"லாம்பப் பாத்திட்டு இறங்குங்க அண்ணன்."

"ஓம், பாத்திட்டுத்தான்."

போய்விட்டார். இன்னும் ஆறேழு துளி. சிவப்பு மறைந்தது. அளவைக் கொப்பியில் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அவர் சொன்ன சொல் என் காதுக்குள் வந்து சேர்ந்தது. அடுப்புக் கிடங்கு.

எழும்பி ஓடினேன். முக்காலி விழுந்தது, கண்ணாடிக் குழாய் உடைந்தது. ரஞ்சன் கிடங்கின் வாயில் குந்தியிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். உள்ளே அடியில் லாம்பு எரிந்துகொண்டிருந்தது. சுடர் வழக்கத்தைவிடச் சற்று நீளம், விளிம்பில் நீலம்.

"என்னக்கா? லாம்பு வடிவா எரியுது. ஒண்டுமில்ல."

"அண்ணன்!" என்று கத்தினேன். பதில் இல்லை. ஏணியடியில், சுவரில் சாய்ந்து, களைத்துப்போனவர் மாதிரி இருந்தார். கையில் வால்வு திருகும் சாவி.

ரஞ்சனுக்கு அப்போதுதான் விளங்கியது. கயிற்றை விட்டுவிட்டு ஏணியில் காலை வைத்தான். நான் அவன் சேட்டைப் பிடித்து இழுத்தேன், பொத்தான் பறந்தது.

"நீயும் இறங்கினா ரெண்டு பேரும்கா சாகப்போறீங்க! கயித்த இழு!"

ஆம்பிளையை, பெண்களைக் கூப்பிடுகிற "கா" போட்டுக் கூப்பிட்டிருக்கிறேன், அவ்வளவு பதற்றம். துஷ்யந்தன் ஓடிவந்தார். மூன்று பேருமாக இழுத்தோம். இடுப்பில் கயிறு கட்டாமல் அவர் எதற்குள்ளும் இறங்குகிறவர் இல்லை. அவர் உயிர் தப்பியது அந்த ஒரு வழக்கத்தால்தான், என் படிப்பால் அல்ல.

மேலே கிடத்தியபோது முகம் நல்ல சிவப்பு. நோயாளி மாதிரியே இல்லை, நன்றாக நித்திரை கொண்டு எழும்பப் போகிறவர் மாதிரி. அந்த நிறம்தான் அடுப்புக் காற்றின் முத்திரை. மூச்சு இருந்தது, மிக மெல்லிதாக. கிடங்குக்குள் லாம்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந்தக் காற்று இன்னும் கொஞ்சம் செறிந்து சுடரில் பற்றி வெடித்திருந்தால் நாங்கள் நாலு பேரும் போயிருப்போம்.

இந்த நச்சுக்கு மருந்து ஒட்சிசன் ஒன்றுதான். எங்களிடம் இருந்தது வெல்டிங் சிலிண்டர். துஷ்யந்தன் தயங்கினார்.

"அக்கா, அதுக்குப் பெர்மிட் வளவுக்குள்ள வைக்க மட்டும்தான். இண்டைக்குப் பாத்து றோட்டில சிலிண்டரோட பிடிபட்டா என்னையும் உங்களையும் உள்ள போடுவாங்க. கொம்பனியையும் மூடுவாங்க."

"மூடட்டும் தம்பி. சுகந்திக்கு வேற ஆரு இரிக்கா?"

துஷ்யந்தன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தானே சிலிண்டரைத் தோளில் தூக்கி லொறியில் ஏற்றினார். அவரைப் பற்றிக் கீழே எழுதப்போவது வேறு. இதையும் எழுதாமல் விட்டால் அநியாயம்.

பாலத்தடி

ஐஸ் லொறியின் பின்தட்டில், ஈரச் சாக்கின்மேல் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வெல்டிங் குழாயை மூக்கடியில் பிடித்தபடி போனேன். கல்லடிப் பாலத்துக்கு முன்னால் ஆமிக்காரர் மறித்தார்கள். பக்கத்தில் எங்கேயோ வெடி கொளுத்திக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் சென்ரியில் காவல் நின்ற பொடியனின் தோள் துடித்தது. கொண்டாட்டமும் பயமும் ஒரே முகத்தில். அவன் பின்தட்டைத் திறந்தான். கறுப்புச் சிலிண்டர், குழாய், மடியில் அசையாத ஒரு மனிதன். இரண்டடி பின்னுக்குப் போய்த் துவக்கை நிமிர்த்தினான்.

"மொகத மே?"

சிங்களத்தில் இது என்ன என்று கேட்கிறான். எனக்கு ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அது இரண்டு பாஷைக்கும் பொது.

"ஒக்சிஜன்! ஒக்சிஜன்!"

சிலிண்டரை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். இறக்கினால் குழாய் எட்டாது. முடியாது என்று தலையாட்டினேன். வாழ்நாளில் துவக்குக்கு முன்னால் முடியாது என்று சொன்னது அந்த ஒரு தரம்தான். ரஞ்சன் இறங்கிப் போய்த் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மன்றாடினான். திரும்பி வந்து சொன்னான்:

"அக்கா, அது ஒக்சிஜன் எண்டா உங்கள மூச்சு இழுக்கட்டாம். அவனுக்கு முன்னால."

இழுப்பதென்றால் குழாயை அவர் மூக்கிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தேன். என் வாயில் வைத்தேன். ஒன்று. இரண்டு. பொடியன் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று. மடியில் இருந்தவரின் நெஞ்சு அசைகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு. எட்டு. இந்த மனிதர் கேட்ட கேள்விக்குத் தலை தூக்கிப் பதில் சொல்லியிருந்தால் இப்போது வீட்டில் மகளோடு சோறு தின்றுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். பத்தில் பொடியன் கையைத் தூக்கிப் போதும் என்றான். குழாயின் முன்னால் தன் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்த குழாயைத் தானே தள்ளி அவர் மூக்கடியில் வைத்தான். தடையைத் தூக்கி, பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு விடச் சொல்லிக் குரல் கொடுத்தான்.

இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் சரிவந்திராது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டாம் நாள் கண் விழித்தார். மகளை அறிந்தார், என்னை அறிந்தார். வலது கை நடுங்கியது. அந்த நாள் மட்டும் தலைக்குள் இல்லை. வெடிச் சத்தம் கேட்டது ஞாபகம், அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில்தான். மறதி இந்த நச்சோடு வருகிற ஒன்றுதான் என்றார் டொக்டர்.

பெயின்ற் டப்பா

விசாரணைக்கு ஆட்கள் வரப்போகிற நாளுக்கு முதல் நாள் துஷ்யந்தன் வெள்ளைப் பெயின்ற் டப்பாவையும் தூரிகையையும் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"அக்கா, அந்த போர்டக் கொஞ்சம் திருத்தி விடுங்க. இனி ஒருத்தரும் பிழையா விளங்கக் கூடாதுதானே."

சரியான பேச்சுத்தான். அடியில் எழுதினேன்: "சோடாக் கிடங்குக்கு மட்டும். அடுப்புக் கிடங்குக்கு லாம்பை நம்பாதே." எழுதும்போது, அடுத்தவன் சாகாமல் இருக்க எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. காயட்டும் என்று வெயிலில் வைத்தேன். நாளைக்கு வருகிறவர்களின் கையில் ஒட்டிவிடக் கூடாதே என்று எனக்குத் தோன்றியது. இது அவர்களுக்குக் காட்டத்தான் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும் எனக்கு.

வந்த அதிகாரி போர்டை வாசித்தார்.

"தெளிவாத்தானே எழுதி இரிக்கி. அவர் இறங்குறதுக்கு முதல் ஆரிட்டயும் கேட்டவரா?"

ரஞ்சன் தனக்குத் தெரியாது என்றான். அவனுக்குத் தெரியாதுதான். அதிகாரி என்னைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியாது சேர்" என்றேன்.

அறிவித்தலை மீறித் தொழிலாளி கவனயீனமாக இறங்கியதாக எழுதினார்கள். சாட்சியாக நான் கையெழுத்து வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று பல விதமாகக் காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வேலை, வீடு, கணவருக்குத் தொழில் இல்லை. எல்லாம் சேர்ந்து வருவது ஒன்றுதான்: பயந்தேன்.

கணவதி அண்ணனைக் கொம்பனி மறுபடி எடுக்கவில்லை. அதைவிட மோசமானது, ஊரும் எடுக்கவில்லை. லாம்புக் கணவதிக்கே லாம்பு பார்க்கத் தெரியவில்லை, அவரை நம்பி எப்படிக் கிணற்றை விடுவது என்று கதை பரவியது. ஒருவரும் கூப்பிடவில்லை.

"நான் ஏன் இறங்கினன்?"

வழியில் எங்கே கண்டாலும் என்னை மறித்துக் கேட்பார்.

"தங்கச்சி, நீ படிச்சவ, சொல்லு. அடுப்புக் கிடங்குக்க ஒரு மணித்தியாலத்தில இறங்கிற ஆளா நான்? யோசிச்சி யோசிச்சிப் பாக்கன், எனக்கே விளங்கல்ல. நான் ஏன் இறங்கினன்?"

"விடுங்க அண்ணன், நடந்தது நடந்து போச்சி."

நாலு வருஷம் இந்தப் பதிலைச் சொன்னேன். கோயிலில், சந்தையில், பஸ்ஸில். அவரைத் தூரத்தில் கண்டால் ஒழுங்கை மாறி நடக்கப் பழகினேன். நடுங்குகிற வலது கையை இடது கையால் பிடித்தபடி, பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு என் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வை என்னைச் சும்மா விடவில்லை.

பிறகு நாள் முழுக்கக் கரண்ட் வர, பாதை திறக்க, எங்கள் உலைக்குத் தேவை இல்லாமல் போனது. பழைய இரும்புக்காரர் வந்து கோபுரத்தையும் டிரம்மையும் வெட்டி ஏற்றினார்கள். போர்டும் குவியலில் கிடந்தது. மேல் இரண்டு வரியும் வெயிலில் மங்கிச் சாம்பலாகிவிட்டன. அடியில் நான் சேர்த்தது மட்டும் பளிச்சென்று வெள்ளை. யார் பார்த்தாலும் இரண்டும் ஒரே நாளில் எழுதியது இல்லை என்று தெரியும். அதிகாரி வந்த அன்றும் தெரிந்திருக்கும், அவர் பார்க்க விரும்பியிருந்தால்.

போர்டைக் குவியலிலிருந்து இழுத்தெடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவரும் சுகந்தியும் மதியச் சாப்பாடு முடித்திருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை.

"அண்ணன், நீங்க என்னட்டக் கேட்டுத்தான் இறங்கினீங்க."

"என்ன?"

"ஜன்னலடியில வந்து கேட்டீங்க. அடுப்புக் கிடங்குக்க இறங்கலாமா எண்டு. மூடி திறந்து ஒரு மணித்தியாலம்தான் எண்டும் சொன்னீங்க. நான் தலை தூக்காம, லாம்பப் பாத்திட்டு இறங்குங்க எண்டன். இந்த போர்டில அடி வரிய நான் மறுகாத்தான் எழுதின. விசாரணையில நான் சொன்னது பொய்."

ஏசுவார், அடிக்கக்கூட அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டனா?"

"ஓம் அண்ணன்."

"கேட்டுத்தான் இறங்கினனா?"

"ஓம்."

மகளின் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா மகள்? அப்பா கேட்டுத்தான் இறங்கி இரிக்கான். கேக்காம இறங்கல்ல. கேட்டுத்தான்."

அப்படியே அழுதார். சுனாமிக்கு அழாத மனிதர், நடுங்குகிற கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரிக் குலுங்கிக் குலுங்கி அழுதார். என்மேல் ஒரு சொல் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சுகந்தி அப்படி விடவில்லை. போர்டை என்னிடமிருந்து வாங்கி, எழுத்துப் பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"இத எங்கட வீட்டுக்குள்ள வந்து சொல்லிட்டீங்க மாமி. ஊருக்குள்ள சொல்லுவீங்களா?"

"சொல்றன்" என்றேன்.

சொன்னேன். அவர் முன்பு இறைத்த கிணறுகள் உள்ள வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சில வீட்டில் தண்ணீர் தந்தார்கள். சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள். துஷ்யந்தன் மட்டும், "ஏன்கா இப்ப இதெல்லாம்?" என்று கேட்டார். இந்தக் குறிப்பும் அந்தச் சொல்லுதலில் ஒரு பங்குதான்.

பிள்ளைகளே, நீங்கள் வேலைக்குப் போகிற இடத்தில் நல்ல மீட்டர் இருக்கும், மணி அடிக்கும், சிவப்பு வெளிச்சம் எரியும். அந்த மீட்டரும் ஒரு லாம்புதான். எந்தக் காற்றுக்குச் செய்ததோ அந்தக் காற்றை மட்டும்தான் அது சொல்லும். நீங்கள் கோபுரத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது.

இப்போது கணவதி அண்ணனைக் கிணற்றுக்கு மறுபடி கூப்பிடுகிறார்கள். கை நடுங்குவதால் இறங்குவதில்லை, மேலே நின்று லாம்பை இறக்குவது அவர்தான். போன மாசம் பக்கத்து வளவில் பார்த்தேன். கயிற்றைத் தொடுவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டார். இப்போதெல்லாம் எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்கிறாராம்.

"இதுக்குள்ள முந்தி என்ன இரிந்த?"

அன்று ஜன்னலடியில், அமிலம் சொட்டுவதை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கி, நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.